பூஜ்யப் பஞ்சு

மரிக்கொழுந்தை நம்பக் கூடாது என்பது வாசனை வியாபாரிகளின் நெடுநாள் புகார். குப்பியில் முகர்ந்தால் ஒரு மணம், தோலில் பூசினால் வேறு மணம். அதுகூடப் பரவாயில்லை, ஆளுக்கு ஆள் மாறும். அக்காள் கையில் பழுத்த கொய்யாவாக இனிப்பது, தங்கை கையில் பழைய பீரோவைத் திறந்தாற்போல நெடியடிக்கும். அசல் தைலத்தின் பெருமையே அதுதான் என்று ரசிகர்கள் சொல்வார்கள். ஆனால் ரசிகர்களா பீப்பாய் பீப்பாயாக வாங்குகிறார்கள்? கடையில் ஒன்றை முகர்ந்து வாங்கிப் போனவள் வீட்டில் வேறொன்றைக் கண்டு திரும்பி வந்தால் கடைக்காரன் யாரைத் திட்டுவான்? தேன்கனிக்கோட்டை மலையடிவாரத்தில், மாதேவப்பள்ளியில் இருந்த நறுஞ்சாரம் தைல ஆலையைத் திட்டினான்.

அந்த ஆலையின் தலைமை விஞ்ஞானி பத்ரிநாத் இந்தத் திட்டைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போனவர். ஒரு நாள் அவர் தனக்குத்தானே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டார். எல்லாத் தோலிலும் ஒரே மாதிரி மணக்கிற மரிக்கொழுந்து ஒன்று இருந்தால் என்ன?

கேட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். அவர் செடியின் மரபணுவில் கைவைத்தார். சில வருடங்களில் புதுச் செடி வந்தது. அதே சாம்பல் பூத்த இலை, அதே கொழுந்து, ஆனால் அதன் தைலத்தில் இயற்கை அதுவரை எந்தச் செடியிலும் வைத்திராத ஒரு பொருள். செடிக்கு ‘ஏகம்’ என்று பெயரிட்டார். ராகியும் துவரையும் விளைந்த மாதேவப்பள்ளி நிலமெல்லாம் ஏகம் ஆனது.

ஏகம் சொன்னபடி நடக்கிறதா என்று பார்க்க வேண்டியவள் திலகவதி. அவள்தான் ஆலையின் மூக்கு. ஆலையில் ஜி.சி. என்று எல்லாரும் செல்லமாகக் கூப்பிடும் இயந்திரம் ஒன்றும் உண்டு. ஒரு துளித் தைலத்தை விழுங்கி, அதில் கலந்திருக்கும் ஒவ்வொரு பொருளையும் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மலைமுகடு மாதிரி திரையில் கோடு போட்டுக் காட்டும். எது எவ்வளவு இருக்கிறது என்று அது சொல்லும். அது நன்றாக இருக்கிறதா என்று திலகவதிதான் சொல்ல வேண்டும்.

முகர்ந்து முகர்ந்து மூக்கு மரத்துப்போனால், மணம் பார்ப்பவர்கள் எல்லாரும் செய்வதை அவளும் செய்வாள். முழங்கையின் உள்மடிப்பில் மூக்கைப் புதைத்து ஒரு மூச்சு இழுப்பாள். சொந்த உடம்பின் வாசம்தான் பூஜ்யம், அங்கே போய்விட்டு வந்தால் மூக்கு மறுபடி வேலை செய்யும். சோதனை நாளில் அந்த மடிப்பில் ஒரு பஞ்சை ஒற்றி, சின்னக் கண்ணாடிக் குழாயில் அடைத்து, அலமாரியில் வைப்பது ஆலை வழக்கம். பூஜ்யப் பஞ்சு என்று பெயர். எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. ஆயுத பூஜைக்கு இயந்திரத்துக்குப் பொட்டு வைப்பதுபோல அதுவும் ஒரு சடங்கு.

தைலத்துக்கு ஐங்கைச் சோதனை என்று ஒன்று உண்டு. ஐந்து பேர் கையில் பூசி, திலகவதி ஒவ்வொன்றாக முகர வேண்டும். ஐந்து பேரை எங்கே போய்த் தேடுவது? பக்கத்திலேயே வடிகொட்டகை இருந்தது. கொப்பரையில் செடியை வேகவைத்துத் தைலம் வடிக்கும் பெண்கள் கூப்பிட்ட குரலுக்கு வருவார்கள். எப்போதும் அவர்கள் கைதான். ஏகத்துக்கும் அவர்கள் கைதான்.

அப்போது திலகவதி ஆறு மாதக் கர்ப்பிணி. கொட்டகை ஆவி ஆகாது என்று செடி அறுவடைக்கு வந்த நாளிலிருந்தே அவளைக் கண்ணாடிக் கதவுக்கு இந்தப்பக்கம் உட்கார வைத்திருந்தார்கள். கொட்டகை மேஸ்திரி எல்லம்மா முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு முதல் ஆளாக வந்து கையை நீட்டினாள்.

“என்னா திலகா, என் கை மணக்குதா, நாறுதா?”

“மணக்குதுக்கா. இருங்க, கமலா கையையும் பாத்துக்கிறேன்.”

கமலா கையை முகர்ந்தாள். மூன்றாவது கை. முழங்கை மடிப்பில் ஒரு மூச்சு. நான்காவது. மறுபடி மடிப்பு. ஐந்தாவது.

“எப்படி இருக்கு?” என்றார் பத்ரிநாத்.

“ஒரே மாதிரி சார். அஞ்சும் ஒரே மாதிரி. மயிரிழை வித்தியாசம் கெடையாது.”

“ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம்பாங்க. நாம அஞ்சு சோறு பாத்தாச்சு!” என்று அவர் குழந்தை மாதிரி கைதட்டினார். ஆலை முழுவதும் மைசூர்பாகு கொடுத்தார்கள். திலகவதி பெருமையோடு கையெழுத்துப் போட்டாள். அவள் வாழ்க்கையில் அதைவிடச் சுத்தமான முடிவைப் பார்த்ததில்லை.

அந்த மாதம் எல்லம்மா வீட்டு வெள்ளாடு குட்டி போட்டது. எல்லம்மாதான் கையை விட்டு இழுத்துப் போட்டு, துடைத்து, தாயிடம் விட்டாள். தாய் ஒரு முறை மோந்து பார்த்துவிட்டு முட்டித் தள்ளியது.

“சில ஆடு அப்படித்தான்” என்றாள் எல்லம்மா. “ஆத்தா பாலையே பீச்சி குட்டி மேல தடவி விட்டா சேத்துக்கும். எத்தினி வாட்டி செஞ்சிருக்கேன்.”

தடவி விட்டாள். அவள் தடவத் தடவ ஆடு இன்னும் மூர்க்கமாக முட்டியது. குட்டி செத்துப்போனது. எல்லம்மா ஆட்டைத் திட்டினாள். அப்புறம் கொட்டகைக்காரர்கள் வீட்டு நாய்கள் சொந்த எஜமானர்களைப் பார்த்தே குரைப்பதாக ஊரில் ஒரு பேச்சு வந்தது. வெயில் ஏறிவிட்டது, நாய்க்குப் பித்தம் என்றார்கள். மனுஷனுக்கு விளங்காத எதற்கும் வெயில் ஒரு காரணம்.

ஏழாம் மாதத்தில் வளைகாப்பு. புருஷன் முனிராஜ் மஸ்கட்டில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தான். பிரசவத்துக்குத்தான் லீவு என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் குறை தெரியக் கூடாது என்று கொட்டகைப் பெண்கள் எல்லாரும் திரண்டு வந்தார்கள். கிண்ணம் நிறையச் சந்தனம் குழைத்திருந்தார்கள். எல்லம்மா அதில் ஏகத் தைலம் கொஞ்சம் விட்டிருந்தாள், தங்கள் கையால் வடித்தது, பெண்ணுக்கு அது இல்லாமலா? ஒவ்வொருத்தியாக வந்து திலகவதியின் கன்னத்திலும் கழுத்திலும் முழங்கை வரையும் சந்தனம் பூசி, வளையல் போட்டு, கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார்கள். கண்ணாடி வளையல்கள் கிலுகிலுக்க அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அத்தனை கை தன்மேல் பட்டதில் அவளுக்கு அன்று அழுகைகூட வந்தது. அவ்வளவு சந்தோஷம்.

பெண் குழந்தை. ஓசூரில் ஓர் ஆஸ்பத்திரியில் பிறந்தது. சுகப்பிரசவம், நல்ல எடை, நல்ல குரல். ஆனால் பால் குடிக்கவில்லை.

நெஞ்சில் கிடத்தினால் தேடும். சின்ன மூக்கைச் சுருக்கிச் சுருக்கித் தேடும். காம்பு உதட்டில் பட்டாலும் தலையைத் திருப்பிக்கொண்டு வேறெங்கோ தேடும். அப்புறம் அழும். பசியழுகை வேறு, இது வேறு. திருவிழாக் கூட்டத்தில் கையை விட்டுவிட்ட பிள்ளை அழுகிற அழுகை.

டாக்டரம்மா பொறுமைசாலி. “வயித்துல இருக்கும்போதே குழந்தை அம்மா வாசனையைப் படிச்சு வச்சிருக்கும்மா. வெளிய வந்ததும் அதை வச்சுத்தான் மாரைத் தேடும். பவுடர், சென்ட்டு, சோப்பு எதுவும் வேணாம். வெறும் தண்ணில குளிச்சிட்டுக் குடுங்க.”

“அப்படித்தாங்க குடுக்கறேன்.”

“உங்க ஊர்ப்பக்கத்துலருந்து இதே மாதிரி வேற குழந்தைங்களும் வந்துச்சு. அதான் எனக்கும் புரியலை.”

பாலைப் பீச்சிப் பாலாடையில் புகட்டச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். பாலாடையின் மூக்கை வாயில் வைத்து ஊற்றினால் பாதி உள்ளே போகும், பாதி கழுத்தில் வழியும். குடித்ததையும் அழுது அழுது கக்கிவிடும். ஒவ்வொரு முறை எடை போடும்போதும் தராசு முள் கொஞ்சம் கீழே நின்றது. தன் மடியில் தன் பிள்ளை அந்நியர் வீட்டில் இருப்பதுபோல விறைத்துக் கிடப்பதைப் பார்க்கப் பார்க்கத் திலகவதிக்கு மனசு ஆறவில்லை. நான் என்னடி பண்ணினேன் உனக்கு என்று குழந்தையிடமே கேட்டாள்.

முனிராஜ் வந்து சேர்ந்தான். வாசலிலேயே எல்லம்மா அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். உள்ளே வந்தவன் குழந்தையைப் பார்த்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டான், பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்து அவள் கழுத்தோரம் முகத்தை வைத்தான். வைத்தவன் நிமிர்ந்துவிட்டான்.

“என்னா திலகா, உன் வாசத்தையே காணோம்?”

“பிள்ளை பெத்தவ மேல பால் வாசம்தான் வரும். வேற என்ன வரும்?”

“அது இல்ல.” அவன் மறுபடி முகர்ந்தான். விளையாட்டுக்குச் சொல்கிற முகம் இல்லை. “எல்லம்மாக்கா மேல என்ன வாசமோ அதேதான் உன் மேலயும். ஒரே ஆளு மாதிரி.”

திலகவதி தன் முழங்கை மடிப்பை முகர்ந்தாள். வழக்கம்போலத்தான் இருந்தது. வழக்கம்போல என்றால் எதுபோல? எதோடு ஒப்பிடுவது? அவள் எழுந்து, பீரோவிலிருந்த ஏகம் குப்பியை எடுத்து, முனிராஜின் கையில் ஒரு துளி வைத்துத் தேய்த்து, முகர்ந்தாள்.

ஏலக்காயும் ஈர மண்ணும். அதுவரை அவள் ஏகத்தில் முகராத மணம்.

தன் கையில் ஒரு துளி. எல்லம்மா கையில் வந்த அதே மணம், கமலா கையில் வந்த அதே மணம்.

தைலம் ஒன்றும் மாறவில்லை. மரிக்கொழுந்து அதன் பழைய குணத்தோடுதான் இருக்கிறது, தோலுக்குத் தோல் வேறாகத்தான் மணக்கிறது. தோல்கள்தான் ஒன்றாகிவிட்டன. கொட்டகை ஆவியை மாதக்கணக்கில் குடித்த ஐந்து கைகளை முகர்ந்துவிட்டு, ஐந்தும் ஒன்று என்று அவள் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். ஐந்து சோறு எடுத்தாள் சரி. ஐந்தையும் ஒரே பானையிலிருந்து எடுத்தாள்.

ஓடிப்போய்க் குழந்தையின் உச்சந்தலையை முகர்ந்தாள். உலகத்தில் எந்தத் தாயும் காசு கொடுத்து வாங்காத அந்த மணம் அங்கே இல்லை. அங்கேயும் எல்லம்மாதான் இருந்தாள்.

முனிராஜின் இரண்டு கைகளும் அந்த வாரத்துக்குள் எல்லார் கையையும்போல ஆகிவிட்டன. தைலம் பட்டது ஒரு கையில்தான்.

யோசித்து யோசித்துத்தான் அலமாரி ஞாபகம் வந்தது. வளைகாப்புக்கு முன்னால், யாரும் சந்தனம் பூசுவதற்கு முன்னால், ஐங்கைச் சோதனை நாளில் அவள் முழங்கை மடிப்பில் ஒற்றி அடைத்த பஞ்சு. அவள் ஆலைக்குப் போய், பிள்ளை பெற்றவளை யாரும் ஒன்றும் கேட்காத தைரியத்தில், குழாயை இடுப்பில் செருகிக்கொண்டு வந்துவிட்டாள்.

குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு மூடியைத் திருகிக் காம்போரம் வைத்தாள். அழுதுகொண்டிருந்த குழந்தை நிறுத்தியது. மூக்கைச் சுருக்கியது. திரும்பியது. பிறகு, பிறந்தது முதல் தேடிக்கொண்டிருந்ததைக் கண்டுகொண்டதுபோல, காம்பைப் பற்றி இழுத்துக் குடித்தது. மூச்சுத் திணறத் திணறக் குடித்தது. திலகவதி வாய்விட்டு அழுதாள். முனிராஜ் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான்.

குடித்து முடித்ததும் அவசரமாக மூடியைத் திருகினாள். அடுத்த முறை திறந்தபோது குழந்தைக்குக் கண்டுபிடிக்கச் சற்று நேரம் பிடித்தது. அதற்கடுத்த முறை இன்னும் சற்று.

பத்ரிநாத்தின் அறைக்கு அவள் புருஷனோடு போனாள். சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னாள். அவர் முகத்தில் பயம் தெரியும் என்று எதிர்பார்த்தாள். தப்புச் செய்துவிட்டோம் என்ற வெட்கம் தெரிந்திருந்தால்கூட மன்னித்திருப்பாள். அவர் முகத்தில் தெரிந்தது ஆர்வம்.

“நம்ம தோல்ல கோடிக்கணக்கான கிருமி குடியிருக்கு திலகவதி. கெட்ட கிருமி இல்லை, காலாகாலமா நம்மளோடயே இருக்கிறது. நம்ம வேர்வையைத் தின்னுட்டு அதுங்க விடறதுதான் நம்ம வாசம். ஆளுக்கு ஒரு கூட்டம், அதனால ஆளுக்கு ஒரு வாசம். ஏகத்துல நான் சேர்த்த பொருளை அதுல ஒரே ஒரு வகைதான் திங்கும்போல. திங்கத் திங்கப் பெருத்து மத்ததையெல்லாம் விரட்டியிருக்கும்.”

“தொட்டா ஒட்டுமா சார்?” என்றான் முனிராஜ்.

“ஒட்டலாம். பூவோட சேர்ந்த நாரும் மணக்கும்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?”

அந்தப் பழமொழியைத் திலகவதி எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். அதைக் கேட்டு மயிர்க்கூச்செறிந்தது அன்றுதான்.

“நிறுத்திடுங்க சார். ஆட்டுக்குட்டி செத்துச்சு. ஊர்ல குழந்தைங்க பால் குடிக்கல. செடியை எரிச்சிடுங்க.”

“எட்டு நாட்டுக்குப் போயாச்சும்மா. இனிமே எதை எரிக்கறது?” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சரி, நானே நிறுத்தணும்னு நெனச்சாலும் கம்பெனி கேக்குமா? ஒரே ஊரு, ஒரே தண்ணி, ஒரே சோப்பு, அதனால ஒரே வாசம்னு வக்கீல் சொல்வான். முன்னாடி வேற மாதிரி இருந்துச்சுன்னு காட்ட யார்கிட்ட என்ன இருக்கு?”

திலகவதியின் கை தானாக இடுப்புக்குப் போயிற்று. அவர் அதைப் பார்த்துவிட்டார்.

“பூஜ்யப் பஞ்சு” என்றார் மெதுவாக. “அடடா. பாப்பா அதுலயா குடிக்குது?”

அவர் கண் நிஜமாகவே கலங்கியது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையாக இருந்திருந்தால் அவளுக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் மனசாரத்தான் அழுதார். அதுதான் பயமாக இருந்தது.

“இன்னும் எத்தனை நாள் தாங்கும் அது? தொறக்கத் தொறக்கப் போயிடும்மா. என்கிட்ட குடு. ஜி.சி.ல ஒரே ஒரு தடவை போட்டா உன் வாசத்துல என்னென்ன இருக்கு, எது எவ்வளவு இருக்குன்னு வந்துடும். நம்மகிட்ட இல்லாத பொருளா? கலந்து குப்பி குப்பியாக் குடுக்கறேன். பாப்பா வளர்ற வரைக்கும்.”

“பஞ்சு?”

“பஞ்சு போயிடும். அதுல இருக்கறதே ஒரு மூச்சளவு.”

வீட்டுக்கு வந்ததும் முனிராஜ் வெடித்தான். “குடுக்காத திலகா. மெட்ராஸ்ல அரசாங்க லேபு இருக்குது. கொண்டுபோய்க் குடுத்தா ஊருக்கே சாட்சி. அந்தாளு மெஷின்ல போட்டா கோடு அந்தாளுகிட்ட இருக்கும், கம்பெனி கம்ப்யூட்டர்ல. நமக்கு என்ன மிஞ்சும்?”

“மெட்ராஸ்காரங்க பாத்து, எழுதி, ஆளனுப்பி, எப்ப முடியும்? அது வரைக்கும் இவ என்னத்தைக் குடிப்பா?”

“பாலாடையில…”

“பாலாடையில போட்டுத்தான் எடை இறங்குது!” அவள் கத்தியதில் குழந்தை திடுக்கிட்டு அழுதது. அவள் குரலைத் தாழ்த்தினாள். “கமலா மருமகளுக்கு அடுத்த மாசம் பிரசவம். எனக்குத் தெரியாதா? எல்லாம் தெரியுது. ஆனா இது என் மடியில கெடக்குதே.”

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. முனிராஜுக்கும் அது பொன் குஞ்சுதானே.

மறுநாள் அவள் குழாயைக் கொடுத்தாள். கொடுக்கும்போது ஊரிலுள்ள வயிற்றுப்பிள்ளைக்காரிகள் முகமெல்லாம் கண்முன் வந்தது. அந்த வெட்கம் கடைசிவரை அவளை விடவில்லை. இயந்திரம் பஞ்சின் மூச்சை இழுத்துக்கொண்டது. திரையில் சின்னதும் பெரியதுமாக முகடுகள் எழும்பின. வெண்ணெய் கெட்டாற்போல ஒன்று, சீரகம்போல ஒன்று, பெயரே தெரியாத எத்தனையோ. அவள் அம்மாவிடமிருந்து வந்தது, அவள் குடித்த தண்ணீரிலிருந்து வந்தது, முப்பது வருடம் வாழ்ந்ததில் சேர்ந்தது எல்லாம் ஒரு திரைக்குள் அடங்கிவிட்டது. இவ்வளவுதானா நான் என்று அவளுக்குத் தோன்றியது.

பத்ரிநாத் வாக்குத் தவறவில்லை. விரலளவு குப்பி வந்தது. கழுத்தில் ஒரு துளி, மார்பில் ஒரு துளி. குழந்தை உடனே திரும்பிக் காம்பைப் பற்றியது. கன்னம் உப்பியது, தொடையில் மடிப்பு விழுந்தது. முனிராஜ் மஸ்கட்டுக்குத் திரும்பினான். கிளம்பும்போது குழந்தையைக் கொஞ்சிவிட்டு, தெருவில் எல்லாரிடமும் கைகுலுக்கிவிட்டுப் போனான். அங்கே விமான நிலையத்தில் கூட்டாளிகள் வந்து கட்டிக்கொண்டார்களாம், போட்டோ அனுப்பியிருந்தான். திலகவதி அந்தப் போட்டோவை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கமலா மருமகளுக்குப் பையன் பிறந்தான். அவனும் பால் குடிக்கவில்லை. கமலா வந்து அழுதபோது திலகவதி தன் குப்பியில் பாதியை ஊற்றிக் கொடுத்தாள். பெற்றவள் வாசம் கிடைக்காவிட்டால் ஏதோ ஒரு தாயின் வாசமாவது கிடைக்கட்டும் என்றுதான். அழுது அலுத்த குழந்தை ஒன்றிரண்டு நாளில் அதற்குப் பழகிக்கொண்டது, குடித்தது. விஷயம் பத்ரிநாத் காதுக்குப் போயிற்று. கொஞ்ச நாளில் ‘தாய்மணம்’ என்ற பெயரில், அட்டைப் பெட்டியில், ஒரு தாயும் சேயும் படம் போட்டு, குப்பிகள் கடைக்கு வந்தன. ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம். பிரசவ வார்டு வாசலிலேயே விற்றார்கள். ஏகம் போன இடத்துக்கெல்லாம் பின்னாலேயே தாய்மணமும் போயிற்று. நோய்க்கும் மருந்துக்கும் ஒரே ஆலை.

அங்கன்வாடியில் மூன்றாவது தடுப்பூசி போட்ட நாள் அன்று திலகவதி காலையில் குளித்துவிட்டுக் குப்பியைக் கையில் எடுத்தாள். எடுத்தவள் யோசித்தாள். பிள்ளைக்கு இப்போது முகம் தெரிகிறது, குரல் தெரிகிறது, பார்த்தால் சிரிக்கிறது. ஒரே ஒரு நாள் பூசாமல் போய்ப் பார்த்தால் என்ன? சோதித்துப் பார்ப்பது அவள் தொழில், அந்தப் புத்தி எங்கே போகும்? குப்பியைப் பையில் போட்டுக்கொண்டு, வெறும் உடம்போடு கிளம்பினாள். வழியெல்லாம் பேசிக்கொண்டே போனாள். குழந்தை அவள் இடுப்பில் சிணுங்கிக்கொண்டே வந்தது.

அங்கன்வாடிக்குள் நுழைந்ததும் அவள் மூக்கு முதலில் கண்டுகொண்டது. இருபது முப்பது தாய்மார்கள் உட்கார்ந்திருந்தார்கள். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள், பாதிப் பேரை அவள் பார்த்ததுகூட இல்லை. அத்தனை பேர் கழுத்திலிருந்தும் அந்த வெண்ணெய், அந்தச் சீரகம். அத்தனை பேர் மேலும் அவள்.

நர்ஸ் கையுறை போட்டுக்கொண்டு குழந்தையை வாங்கி, தொடையில் ஊசி போட்டாள். குழந்தை வீறிட்டது. திலகவதி கையை நீட்டி வாங்கி நெஞ்சோடு அணைத்தாள். “ஒண்ணுமில்லடா தங்கம், ஒண்ணுமில்ல, அம்மா இருக்கேன்ல” என்றாள். குழந்தை முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு அலறியது. முகம் நீலமாகப் போயிற்று. அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை, மூக்கைச் சுருக்கித் தலையை அங்குமிங்கும் திருப்பித் தேடியது.

பக்கத்தில் பச்சைச் சேலை கட்டிய ஒரு பெண் தன் பிள்ளையைத் தூங்கப் பண்ணிக் கீழே கிடத்தியிருந்தாள். குழந்தை அவள் பக்கமாகத் தாவியது. பாவம் பார்த்து அவள் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். அழுகை சட்டென்று நின்றது. குழந்தை அவள் கழுத்தில் முகத்தை அழுத்திக்கொண்டு, விம்மி, ஒரு பெருமூச்சு விட்டு, அவள் ரவிக்கை ஓரத்தைத் தேடத் தொடங்கியது.

கூட்டத்தில் யார் யாரிடமிருந்து குழந்தையை வாங்கினாள் என்று கவனிக்காத நர்ஸ், அடுத்த ஊசியை உறிஞ்சிக்கொண்டே நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

“பாத்தீங்களா, அம்மாகிட்ட போனதும் கப்புனு அடங்கிருச்சு.” பிறகு, கையை நீட்டியபடியே நின்றுகொண்டிருந்த திலகவதியைப் பார்த்தாள். “கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா, அவங்க பால் குடுக்கட்டும். நீங்க பாப்பாவுக்கு என்ன வேணும்?”

திலகவதி பையைத் திறந்து, குப்பியை எடுத்து, மூடியைத் திருகினாள்.